அசியாமா மாஸ்டர் நிற்க வைத்த இரட்டைச் சக்கரம்

குடும்பத் தலைவர் நானா பாஃபோ அவர்களே, போதகர் அவர்களே, பட்டறைச் சங்கத் தலைவர் அவர்களே, துக்கத்துக்குச் சிவப்பும் கறுப்பும் உடுத்தி வந்திருக்கும் சுவாமே பட்டறைத் தோழர்களே, எல்லாருக்கும் மேலாக, முன் வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் அக்குவா நியார்கோ அம்மா அவர்களே, வெல்டர் யாவ் அம்போன்சாவின் வணக்கம்.

நாம் யாரை இழந்திருக்கிறோம்? குமாசியில் ஃபிட்டருக்குப் பஞ்சமில்லை. எஞ்சினைப் பிரித்துப் போட இங்கே சந்துக்குச் சந்து ஆள் இருக்கிறோம். ஆனால் இந்தக் கானா நாட்டிலேயே குவாக்கு அசியாமா மாஸ்டர் ஒருவர்தான் இருந்தார். பழைய கார்களின் வைப்பர் மோட்டார்களையும் உடைந்த கைபேசியில் சாய்வை உணரும் சில்லையும் வைத்து, பக்கத்தில் பக்கத்தில் பொருத்திய இரண்டே சக்கரத்தில் தானாக நிற்கும் இயந்திரத்தைத் தன் பட்டறையிலேயே செய்தவர் அவர்.

எதற்காகச் செய்தார்? அவருடைய மனைவி அக்குவா அம்மாவின் கென்கே சாப்பிடாத வயிறு இந்தக் கூட்டத்தில் உண்டா? புளித்த சோள மாவில் அவித்த கென்கே உருண்டையும் பொரித்த மீனும் நிறைந்த அகன்ற பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நம் சந்துகளில் எல்லாம் நடந்தவர். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனித் தலையில் எதையும் சுமக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "கழுத்து வலியக்கூடத் தாங்கிக்குவேன். வீட்ல சும்மா உக்காந்திருக்கிறதத்தான் தாங்க முடியல" என்று கணவரிடம் அழுதார். மறுநாளே மாஸ்டர், அந்தச் சுமையை அவருக்குப் பதிலாகத் தாங்கிப் போகும் வண்டிக்குத் தகரம் வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? "யோவ் அசியாமா, மூணாவது சக்கரத்துக்கு வக்கில்லையா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றேன்.

"மூணு சக்கர வண்டிய உன் சந்துல திருப்பிக் காட்டு பாப்போம். நீ கொட்டி வெச்சிருக்கிற இரும்புக்கு நடுவுல என் பொண்டாட்டிதான் நுழைவா. அவ அகலம்தான் இதுக்கும்" என்றார் மாஸ்டர்.

"என் அகலத்த ஊருக்கெல்லாம் அளந்து சொல்லு" என்று அக்குவா அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அந்த வீட்டில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

தோழர்களே, முன்னாலோ பின்னாலோ, எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே சக்கரம் ஓடிப்போய் அடியில் தாங்க வேண்டும். அதுதான் அந்த இயந்திரத்தின் சூட்சுமம். ஆனால் அது விழுந்துகொண்டே இருந்தது. பேட்டரியைக் கீழே வை, கீழே வை என்று நாம் எல்லாரும் அவர் காதில் ஓதினோம். கவிழ்ந்த லாரிகளை நிமிர்த்தியே காலம் தள்ளியவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? சுமை கீழே இருந்தால் வண்டி கவிழாது, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். அவரும் கீழேயே வைத்தார். பட்டென்று சாய்ந்தது, சக்கரம் ஓடுவதற்குள் மண்ணைக் கவ்வியது. பிறகு அக்குவா அம்மாதான் வந்து பார்த்துவிட்டு, "தலையில சுமை இருந்தப்பதான் நான் நேரா நடந்தேன். நீங்க என்ன எல்லாத்தையும் கால்ல கட்டுறீங்க?" என்று கேட்டார். மாஸ்டர் பேட்டரியை உச்சிக்கு ஏற்றினார். இயந்திரம் மெதுவாகச் சாய்ந்தது. சக்கரம் ஓடிப் பிடிக்க நேரம் கிடைத்தது. நின்றது. லேசாக நடுங்கிக்கொண்டே நின்றது. அக்குவா அம்மா ஒரு விரலால் தள்ளினார், அது அவருக்கு முன்னால் உருண்டு போனது. நாம் கைதட்டினோம், மாஸ்டர் அழுதார்.

சமதரையில் ஓடியது. சாக்கடை மேல் போட்ட பலகையில்தான் ஏற மறுத்தது. அந்தப் பலகையைத் தாண்டாமல் பட்டறைகளுக்குள் வர வழி ஏது? அதற்குள் காய்ச்சல் அவரைக் கட்டிலில் போட்டுவிட்டது. கடைசி நாள் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதற்குள் அவர் கேட்டார்: "பலகையில ஏத்துனீங்களா?"

"ஏத்துனோம். விழுந்துடுச்சு."

"எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. யாருமே கவனிக்கவில்லை. விழுந்ததும் தூக்குவதற்குத்தான் எல்லாரும் ஓடினோம். "எந்தப் பக்கம் விழுதுன்னு பாக்காம எப்படிப்பா சரி பண்ணுவீங்க?" என்று சிரித்தார். அன்று மாலை அவர் போய்விட்டார். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் தூங்க விடவில்லை.

அக்குவா அம்மா, உங்கள் கணவரை எங்களால் திருப்பித் தர முடியாது. அந்தப் பட்டறைக்குப் பூட்டு விழாது, வேலை நிற்காது, நீங்கள் மறுபடி எங்கள் சந்துகளில் நடக்கும்வரை நாங்கள் ஓய மாட்டோம். இதை இந்தச் சபையின் முன் நின்று சொல்கிறேன்.

மாஸ்டர், நேற்று மறுபடி பலகையில் ஏற்றினோம். மறுபடி விழுந்தது. இந்த முறை யாரும் தூக்க ஓடவில்லை. உங்கள் மனைவி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பின்பக்கம்."