விட்டுப்போன புள்ளி

காலையில் எழுந்ததும் முதலில் பால்புட்டிகளைக் கொதிக்க வைப்பேன். அவை கொதிப்பதற்குள் முகம் கழுவிக்கொள்வேன். பாப்பாவுக்குத் துணி மாற்றி, பால் கொடுத்து, தோளில் போட்டு முதுகைத் தட்டுவேன். ஏப்பம் வந்ததும் கீழே போய்ப் பேப்பர் எடுத்து வருவேன். அதற்குள் அத்தை, என் மாமியார், எழுந்து வந்து பாப்பாவை வாங்கிக்கொள்வார். நான் வேலைக்குக் கிளம்புவேன். இன்றும் எல்லாம் அப்படியே நடந்தது. வேலைக்குப் போகாமல் இங்கே வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

நாற்காலி போட்டதற்கு நன்றி. இது என் மனைவி உட்கார்ந்த இடம் என்று சொன்னீர்கள். நான் நின்றே பேசிவிடுகிறேன்.

சிஸ்டர், இதுதான் கடைசிக் கூட்டம் என்று போனில் சொன்னீர்கள். "ஒருத்தியைக் காப்பாத்த முடியல. இன்னும் எதுக்குங்க வட்டமா உக்காந்து பேசிட்டிருக்கணும்?" என்றீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன்.

நான் பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கால்புள்ளி இடம் மாறினால்கூடக் கண்ணை உறுத்தும். ஆனால் வீட்டில் இருந்ததைப் பார்க்கவில்லை. பாப்பா பிறந்த பிறகு, பாப்பா தூங்கினாலும் அவள் தூங்கமாட்டாள். குளித்துவிட்டுத் தலை துவட்ட மறந்து, சொட்டச் சொட்ட நிற்பாள். தடுப்பூசி போடப் போனபோது நீங்கள்தான் அவள் முகத்தைப் பார்த்தீர்கள். புதன்கிழமைதோறும் காலையில், பிள்ளை பெற்றவர்கள் கூடிப் பேசும் இந்த மாடிக்கு வரச் சொன்னீர்கள்.

முதல் தடவை அழுத கண்ணோடு திரும்பினாள். அடுத்த தடவை வரும்போதே சிரிப்பு.

"அங்க ஒருத்தி, பாப்பா அழுதா பஸ் ஏறி எங்கயாவது போயிடலாம்னு தோணுதுன்னா. உடனே பக்கத்துல இருந்தவ, எந்த பஸ்ஸுன்னு சொல்லுடி, எனக்கும் சீட்டு போடுன்னா. வயிறு வலிக்கச் சிரிச்சோம்ங்க."

அன்று தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். அந்த இரண்டு பேரும் இந்த வட்டத்தில்தான் இருப்பீர்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

ஆக, அவளுக்கு இங்கே சரியாகிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

எங்கள் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் ஒருவர் இருக்கிறார். சுருட்டை என்று கூப்பிடுவோம். ஒருநாள் டீ குடிக்கும்போது எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்னப்பா, ஊர்ப் பிழையெல்லாம் நீ திருத்துற. உன் வீட்டுப் பிழையைத் திருத்த வீட்டம்மா மாடி ஏறிப் போறாங்க போலிருக்கே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு புதன்கிழமை வந்தாலே, இங்கே என்னைப் பற்றி என்ன பேசுகிறாள் என்ற நினைப்பில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். இது சின்ன விஷயம். இதற்காக யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். நான் செய்தேன்.

அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்றேன், கொடுத்துவிட்டாள். அதிலிருந்து உங்களுக்கு மெசேஜ் அனுப்பினேன்: நான் நல்லா இருக்கேன, இனிமே வரல. வேகமாக அடிக்கும்போது அவளுக்கு 'இருக்கேன்' என்பதில் கடைசி எழுத்தின் புள்ளி விட்டுப்போகும். அதையும் விட்டேன். என் வேலையில் தெரிந்தே நான் விட்ட ஒரே பிழை அது.

சிஸ்டர், துக்கம் கேட்க வந்தபோது என்னிடம் சொன்னீர்கள். 'நல்லா இருக்கேன்' என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது, இங்கே இருக்கிற ஒரே சட்டம் அது என்று. "அவளே அதை அனுப்பினப்பவே நான் புரிஞ்சிருக்கணும். ஓடி வந்திருக்கணும்," என்று அழுதீர்கள். நான் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

மெசேஜைப் பார்த்த உடனே நீங்கள் கூப்பிட்டீர்கள். அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். மறுபடி கூப்பிட்டீர்கள். நம்பரைத் தடுத்து வைத்தேன்.

அவளிடம் சொன்னது வேறு. மாடியில் ஏதோ வேலை நடக்கிறது, கூட்டம் எப்போது என்று அவர்களே கூப்பிட்டுச் சொல்வார்கள் என்றேன். தினமும் கேட்பாள், "கூப்பிட்டாங்களா?" இல்லை என்பேன். பிறகு ஒருநாள், "என்னை மறந்துட்டாங்க போல," என்றாள். அதற்கும் நான் மறுப்புச் சொல்லவில்லை. அதோடு அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒருவழியாகச் சரியாகிவிட்டாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

தூக்கம் இல்லாததால் அவளுக்குக் கிழமை குழம்பும். அது எனக்கு வசதியாக இருந்தது. பேப்பரில் கிழமை போட்டிருக்குமே என்று அதையும் அச்சகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவ்வளவு கவனமான ஆள் நான்.

அன்று மதியம் அத்தை ஊரிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது, பாப்பா பால் குடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் இல்லை. மற்றது உங்களுக்குத் தெரியும்.

இந்த மாடியை மூடாதீர்கள், சிஸ்டர். நீங்கள் அவளைக் கைவிடவில்லை. அவள் உங்களைத் தேடிக்கொண்டிருந்தாள், நீங்கள் அவளைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். நடுவில் நான் நின்றேன்.

இன்னும் ஒன்று. அவள் கடைசியாக, "சீக்கிரம் வந்துடுங்க," என்றாள் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அத்தை அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுகிறார். அவள் அப்படிச் சொல்லவில்லை. அன்று காலை தலை வாரி, புடவை மாற்றி, பாப்பாவுக்கு வெளியே போகும்போது போடும் சட்டையைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டே, "வியாழன்," என்றேன். பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கினேன். அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் கேட்டது இதுதான்:

"இன்னைக்கு புதன்கிழமைதானேங்க?"