மாமிக்கு ஒரு பூ

குறொன்லாண்ட் நிலையத்தில் சுரங்க ரயிலில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்து, ஒரே கைபேசியில் வீடியோ பார்த்துக்கொண்டு வந்தார்கள். திடீரென்று மனைவி கேட்டார்:

“ஏனப்பா, நீங்கள் முந்திச் செய்த வீடியோக்களிலை மாதிரி இதிலை ஒருத்தரும் பூவுக்குள்ளையிருந்து வரேல்லை?”

“அது பழைய எடிட்டிங் புறோகிராம், சின்னப்பிள்ளையளின்ரை விளையாட்டு. இது படம் எடுக்கிறவை எடிட் பண்ணுறது. குளிர்காலம் முழுக்க இருந்து பழகினனான்.”

“அண்ணாவின்ரை மகளின்ரை முதல்நன்மைக் கொண்டாட்ட வீடியோ, ட்வெய்ட்டா ஸ்ரேசன் வரமுதலே முடிஞ்சுபோச்சு! பிள்ளைக்குக் கேக் தீத்தின சனமெல்லாம் எங்கை?”

“எல்லாரும் ஒரே மாதிரித்தானே தீத்தினவை. ஒராளை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை வெட்டிப்போட்டன்.”

“நல்ல வேலை! நாளைக்கு அண்ணா வீட்டிலை எல்லாரும் கூடியிருந்து பாக்கப்போகினம். பேர்கனிலையிருந்து வந்த மாமி தன்னைத் தேடமாட்டாவே? பிறகு அண்ணாவோடை கதைக்கவும் மாட்டா.”

“மாமி கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டெல்லோ நிண்டவ.”

“முதுகையெண்டாலும் போடுங்கோ. அந்தச் சீலையை எல்லாருக்கும் தெரியும்.”

கணவர் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“சரி, எல்லாரையும் திரும்பப் போடுறன்.”

“மாமி பூவுக்குள்ளையிருந்து வரவேணும்.”

“இதிலை பூ இல்லையப்பா. நான்தான் கொம்பியூட்டரிலை ஒவ்வொரு இதழாக் கீறவேணும்.”

“கீறுங்கோவன். குளிர்காலம் முழுக்கப் பழகினது பிறகு என்னத்துக்கு?”

ட்வெய்ட்டாவில் கதவு திறந்தது. மனைவிக்குப் பின்னால் இறங்கிக்கொண்டே அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது:

“மாமிக்கு என்ன பூப் பிடிக்கும்?”