அண்ணாந்து பார்த்த ரேடார்

புது வண்டிக்குப் பூஜை போட எங்கள் ஊர் மலைக்கோயிலுக்கு வருகிறவர்கள் முன்பக்கக் கம்பெனிச் சின்னத்தின் மேல் சந்தனத்தை அப்பிவிடுகிறார்கள் சார். சில வண்டிகளில் அதன் பின்னால்தான் ரேடார் இருக்கிறது. முன்னால் இருக்கும் வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் பார்த்து, ஓட்டுகிறவன் அசந்தாலும் அது தானே பிரேக் பிடிக்க வைக்கும். சந்தனம் காய்ந்து ஒட்டினால் அதற்குக் கண் மங்கிவிடும். அரக்கோணம் சாலையில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற வண்டிகளில் அதைத் துடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

பூபாலனைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

என் தங்கை காஞ்சனாவை அவனுக்குப் பேசி முடித்திருந்தோம். அந்தச் சமயத்தில் ஒருநாள், ஆர்.கே.பேட்டையிலிருந்து நானும் அவனும் என் காரில் திரும்பும்போது, சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவரை அடித்துவிட்டான். ஓட்டியது அவன். பெரியவர் அங்கேயே இறந்துபோனார். ரயில்வேயில் அவனுக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது.

“நீதான் ஓட்னன்னு சொல்லிடு மச்சா. எனக்கு வேல பூடும். காஞ்சனாவ நான் பாத்துக்கறேன்.” என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்படியே சொன்னேன். சிறைக்கும் போய்வந்தேன்.

வெளியே வந்து கல்யாணத் தேதி கேட்கப் போனபோது வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினான்.

“ஜெயிலுக்குப் போனவன் தங்கச்சிய எப்டி மச்சா கட்றது? ஊர்ல என்னா சொல்லுவாங்க?”

அப்போதும் மச்சா என்றுதான் கூப்பிட்டான்.

காஞ்சனா இப்போது அம்மையார்குப்பத்தில் தறி வேலைக்குப் போகிறாள். என்னோடு பேசுவதில்லை.

போன மாதம், பம்பர் உடைந்த புதுக் காரோடு என்னிடமே வந்தான்.

“உன் கை பட்டாத்தான் எனக்கு நம்பிக்க மச்சா. திருப்பதி ரோட்ல பிரேக்ல காலே வெக்கறதில்ல. அதுவே பாத்துக்கினு போவுது.”

எதுவுமே நடக்காதது போலச் சிரித்தான். எனக்குக் கோபம் வரவில்லை சார். பம்பரை மாட்டும்போது ரேடாரைக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வைத்தேன். கோளாறைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை.

வண்டியை எடுக்கக் குடும்பத்தோடு வந்தான். நேராகத் திருப்பதிக்கு, குழந்தைக்கு மொட்டை போட. அவன் மனைவி மனோரமா மடியில் குழந்தையோடு முன்சீட்டில் உட்கார்ந்தாள். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மெதுவாகத்தான் பிரித்தெடுத்தேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் வண்டியை அவன்தானே பார்த்து ஓட்ட வேண்டும்?

புத்தூர் தாண்டி, பழுதாகி நின்றிருந்த கரும்பு லாரிக்குப் பின்னால் கார் வேகம் குறையாமல் புகுந்திருக்கிறது. பூபாலனும் குழந்தையும் அங்கேயே முடிந்துவிட்டார்கள். ஆமாம் சார், செய்தது நான்தான்.

ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். வண்டி கிளம்பும்போது, “பெல்ட்ட போட்டுக்கோம்மா” என்று மனோரமாவிடம் சொன்னதும் நான்தான். அதனால்தான் அந்தப் பெண் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள்.