கேற்றடியிலை அம்புலன்ஸ்

— வெறி முறிஞ்சால் தன்ரைபாட்டிலை எழும்புவான். தேசிக்காய்த் தண்ணி கரைச்சுக் குடு. உதுக்கேன் காலங்காத்தாலை என்ரை கதவிலை வந்து இடிக்கிறாய், நிருஷன்?

— அன்ரி, றஜிந்தன் குடிக்கிறவன் இல்லை. ராத்திரி முழுக்க எங்கடை அறையிலை காய்ச்சலோடை கிடக்கிறான். உடம்பு அனலாக் கொதிக்குது. தலை வெடிக்குது எண்டு கத்திக் கத்திச் சத்தி எடுக்கிறான்.

— பேசாலையிலை கடலுக்குப் போற ஆக்களின்ரை பிள்ளை குடிக்க மாட்டானாம்! உதை ஆருக்குச் சொல்லுறாய்? கம்பசிலை இடம் கிடைச்ச உடனை குணம் மாறிப்போடுமே?

— கெஞ்சிக் கேக்கிறன் அன்ரி, கேற்றுப் பூட்டின்ரை திறப்பைத் தாங்கோ. அம்புலன்சுக்குப் போன் அடிச்சிட்டன். வந்துகொண்டிருக்கு.

— அம்புலன்சோ? விசரே உனக்கு? இண்டைக்கு அளவெட்டியிலை இருந்து தக்சாயினியைப் பொம்பிளை பாக்க வருகினம். மாப்பிள்ளை எஞ்சினியர். அந்த மனிசர் வந்து இறங்கேக்கை என்ரை கேற்றடியிலை அம்புலன்ஸ் நிண்டால் என்ன நினைப்பினம்? இந்தக் குணலட்சுமி வாடகைக் காசுக்காகக் கண்ட கண்டதுகளை எல்லாம் வீட்டுக்கை அடைச்சு வைச்சிருக்கிறாள் எண்டெல்லோ கதைப்பினம்!

— அம்மா, அவருக்கு என்ன வருத்தமாம்?

— அவராம், அவர்! நீ ஏனடி இஞ்சை வந்தனி? உள்ளை போய்ச் சீலையை உடு.

— தக்சாயினி, நீங்களாவது சொல்லுங்கோ. அவனாலை தலை குனிய ஏலாமல் கிடக்கு. நாடி நெஞ்சிலை முட்டுதில்லை. கழுத்து கட்டை மாதிரி விறைச்சுப்போச்சு.

— தலை குனியாதோ? ஓம், நாலெழுத்துப் படிச்ச உடனை உவங்கள் ஆருக்கும் தலை குனியமாட்டாங்கள்தானே. சுளுக்கா இருக்கும். நல்லெண்ணெய் போட்டு வழிச்சுவிடு.

— வழிக்கிற விசயமில்லை அன்ரி. யன்னலைத் திறந்தால் வெளிச்சம் தாங்கேலாமல் முகத்தை மூடுறான்.

— விடிய விடிய ஆரோடையோ போனிலை குசுகுசுத்தால் கண் கூசாமல் என்ன செய்யும்?

— இப்ப என்னையும் மட்டுக்கட்டுறான் இல்லை. என்னைத் தாயெண்டு நினைச்சு, அம்மா தண்ணி தா எண்டு அழுறான். காலிலை சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள். கண்ணாடிக் கிளாசாலை அமத்திப் பாத்தன். மறையேல்லை.

— நுளம்பு கடிச்சிருக்கும்.

— மூளைக்காய்ச்சலா இருக்கலாமாம். போனிலை சொன்னவை. பொட்டு வருமட்டும் பாத்துக்கொண்டு இருக்கவும் கூடாதாம். காய்ச்சலோடை கழுத்து விறைச்சு, ஆளும் மாறாட்டமாக் கதைச்சால் உடனை ஆஸ்பத்திரிதானாம். சுணங்கினால் உயிர் தப்பாதாம் அன்ரி.

— மூளைக்காய்ச்சல் வாறதுக்கு முதலிலை மூளை இருக்கோணுமெல்லோ!

— அம்மா! வாயை மூடுங்கோ!

— ஆரைப் பாத்தடி வாயை மூடச் சொல்லுறாய்? அந்த நாதியத்தவனுக்காகப் பெத்தவளை எதிர்க்கிறியோ?

— அன்ரி, சத்தம் கேக்குது. வந்திட்டினம். திறப்பைத் தராட்டில் மதிலுக்கு மேலாலை அவனைத் தூக்கி இறக்குவன். ஒண்டு நடந்தால் நீங்கள்தான் தாய்க்குப் பதில் சொல்லோணும்.

— கோதாரி விழ! இந்தா, பிடி! சனம் கூட முதல் கொண்டு துலை. சுகமானாலும் என்ரை வீட்டுப் படி மிதிக்கப்படாது எண்டு சொல்லிப்போடு. அவன் படுத்த பாயையும் கொளுத்திப்போடுவன். எங்களுக்குத் தொத்தினால் ஆர் பாக்கிறது?

— பயப்பிடாதையுங்கோ. சும்மா வந்து போன ஆக்களுக்கு அநேகமாத் தொத்தாதாம். ஒரே அறையிலை படுத்த எனக்கு மருந்து தருவினமாம். வாயோடை வாய் வைச்சுக் கொஞ்சின ஆக்கள் இருந்தால் அவையும் காய்ச்சல் வர முதல் உடனை அந்த மருந்தை எடுக்கோணுமாம்.

— கொஞ்சிறதோ? உவனையோ? அந்தக் கருவாட்டு நாத்தத்துக்குக் கிட்டப் போய்க் கொஞ்சிறதுக்கு எந்த மானங்கெட்டவளடா இருக்கிறாள்?

— வழியை விடுங்கோ, அம்மா. அந்த மருந்து எனக்கும் வேணும்.