இரண்டு அங்குலத் துணியும் எண்பத்து நான்கு படிகளும்

அவையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, விசில் இல்லாமல் இன்று முதன்முறையாகக் காட்சி தரும் உடற்கல்வி ஆசிரியர் அவர்களே, கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, அந்தத் தாய்மார்கள் இழுத்துவந்த தந்தைமார்களே, நான் எப்போது உளறுவேன் என்று காத்திருக்கும் ஒன்பதாம் வகுப்புத் தோழிகளே, ஐந்து நிமிடம் ஆனதும் மணியடிக்கத் துடிக்கும் கணக்கு டீச்சர் அவர்களே! அனைவருக்கும் என் அன்பு நிறைந்த வணக்கம்.

என் தலைப்பு உடலியக்கமும் உடற்தகுதியும். ஆனால் முதலில் ஒரு கேள்வி. நான்காம் மாடியில் இருக்கும் இந்த அரங்குக்கு நீங்கள் ஏறிவந்த படிகள் எத்தனை? தெரியாதா? எண்பத்து நான்கு! எனக்கு எப்படித் தெரியும்? சென்ற ஆண்டு நான் இதே மேடையில் முழங்கிக்கொண்டிருந்தபோது, என் அப்பா மூச்சு வாங்கி முப்பத்தொன்பதாம் படியில் உட்கார்ந்துவிட்டார். பேச்சு முடிந்ததும் படிகளை எண்ணிக்கொண்டே இறங்கி ஓடிப்போய், "எப்படிப்பா இருந்துச்சு?" என்றேன்.

"கைதட்டு நல்லா கேட்டுச்சு கண்ணு. பேச்சுதான் கேக்கல."

அன்றுதான் உடற்கல்விப் புத்தகத்தை எடுத்தேன். சிரிக்காதீர்கள் தோழிகளே, எனக்கு வேறென்ன எடுக்கத் தெரியும்?

என் அப்பா தையல்காரர். "நாள் பூரா வேலை செய்யற எனக்கு எதுக்கும்மா உடற்பயிற்சி?" என்பார். உடலை அசைத்துச் செய்யும் எதுவும் உடலியக்கம். அதையே திட்டமிட்டு, திரும்பத் திரும்பச் செய்தால் உடற்பயிற்சி. இரண்டும் சேர்ந்து நமக்குத் தரும் வலிமைக்குப் பெயர் உடற்தகுதி. அப்பாவின் வேலையில் அசைவது எது? பாதத்தால் மிதித்த காலம் போய், தையல் எந்திரத்துக்கு மோட்டார் வந்துவிட்டது. துணி ஓடுகிறது, ஊசி ஓடுகிறது, நூல் ஓடுகிறது. அப்பா மட்டும் உட்கார்ந்திருக்கிறார்!

புத்தகம் சொல்லும் ஐந்து கூறுகளிலும் அவரைச் சோதித்துப் பார்த்தேன். தசை வலிமை? துணிக்கட்டை ஒரே மூச்சில் தூக்கி மேசைமேல் வைத்தார். தசைத் தாங்குதிறன்? ஆறு மடிப்புத் துணியை மணிக்கணக்கில் வெட்டும் கைக்கு அலுப்பே கிடையாது. மகிழ்ந்துபோனேன். அடுத்து நெகிழ்வு. "குனிந்து குண்டூசியை எடுங்கப்பா" என்றேன். அவர் குனியவில்லை. ஒரு குச்சியை நீட்டினார். நுனியில் காந்தம்! பல ஆண்டுகளாகக் குனியாமலிருக்க அவரே செய்துகொண்ட கருவி அது.

உடலில் கொழுப்பு எவ்வளவு, தசையும் எலும்பும் எவ்வளவு என்பதை உடற்கூட்டமைப்பு என்கிறது புத்தகம். எல்லோருக்கும் இடுப்பு பெருத்தால் கால்சட்டை காட்டிக்கொடுத்துவிடும். தையல்காரருக்கு? உள்ளே மடித்து விட்டுவைத்த துணியைப் பிரித்து, அரை அங்குலம், அரை அங்குலமாக அவரே அகலமாக்கிக்கொண்டார். அவர் கைத்திறனே அவர் கண்ணைக் கட்டிவிட்டது! ஒருநாள் உள்ளே விட்டிருந்த இரண்டு அங்குலமும் தீர்ந்துபோனது.

"துவைச்சதுல துணி சுருங்கிடுச்சு" என்றார் அப்பா.

"ஆமா, உங்க துணி மட்டும் சுருங்குது. பக்கத்துலயே காயற என் துணி சுருங்கல. என் கையில என்ன மந்திரமா இருக்கு?" என்றார் அம்மா.

ஐந்தாவது, இதயமும் நுரையீரலும் நீண்ட நேரம் ஈடுகொடுக்கும் திறன். அதற்கு விடை எனக்கு முன்பே தெரியும். முப்பத்தொன்பதாம் படி!

காந்தக் குச்சியை ஒளித்துவைத்தேன். தைத்த துணிகளை அவரே நடந்துபோய்க் கொடுக்கத் தொடங்கினார். மாலையில் எங்கள் குடியிருப்பின் படிகளில் ஏறுவோம். பேசிக்கொண்டே ஏற வேண்டும், பேச முடியாவிட்டால் நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். நின்ற இடத்தில், துணியில் கோடு போடும் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் சுவரில் ஒரு கோடு போடுவார்.

"எங்க வீட்டு வாசல்ல கோடு போட்டது யாரு?" என்று இரண்டாம் மாடி அத்தை கத்தினார்.

"நாளைக்கு உங்க வாசலைத் தாண்டிடுவேங்க" என்றார் அப்பா. தாண்டினார்!

கோடுகள் ஏறின. சில வாரம் ஒரே படியில் நின்றன. காய்ச்சல் வந்தபோது இறங்கவும் செய்தன. நேற்று மொட்டைமாடியைத் தொட்டோம். ஆனால் எங்கள் குடியிருப்பில் எழுபத்தாறு படிகள்தான். இங்கே எட்டு அதிகம். அந்த எட்டுப் படிகளை நினைத்து இரவெல்லாம் நான் தூங்காமல் புரண்டேன். மேடை ஏறியதும் முதலில் எதைப் பார்த்தேன்? மூன்றாம் வரிசையில் அம்மா இருக்கிறார். பக்கத்து நாற்காலி இப்போதும் காலி.

என்ன... ஏன் எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்க்கிறீர்கள்? கதவோரம் நிற்பவர்களே, கொஞ்சம் விலகுங்கள்.

அப்பா! எப்பப்பா வந்தீங்க?

"கணக்கு டீச்சரை நீ கிண்டல் பண்ணப்பவே வந்துட்டேன் கண்ணு."

அப்புறம் ஏன் உட்காரல?

"உக்காந்து உக்காந்துதானே இவ்வளவும். அதான் நின்னே கேட்டேன்."

அவையோரே, கேட்டீர்களா? எண்பத்து நான்கு படியும் ஏறிவந்து, உட்காராமல் நின்றே கேட்டிருக்கிறாரே, பார்த்தீர்களா? இதைவிட நான் என்ன விளக்கம் சொல்ல? உடற்தகுதி பதக்கம் வாங்குபவருக்கு மட்டுமா? பிள்ளையின் பேச்சைக் கேட்க மாடி ஏறவும் அதுதானே வேண்டும்? என்னையும் சேர்த்தே சொல்கிறேன்: நாளை முதல் ஓட்டப் பயிற்சி நேரத்தில் எனக்குத் தலைவலி வராது, உடற்கல்வி ஆசிரியர் அவர்களே!

அதோ மணியடித்துவிட்டார்கள். தலைமையாசிரியை அம்மா, அப்பாவின் விரலெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. கதவருகே சுவரில் ஒரு கோடு இருக்கும். ஒரு வாரமாவது அழிக்காமல் விட்டுவையுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. எனக்காகத் தட்டப்போகும் கைகளைக் கொஞ்சம் பின்பக்கம் திருப்பித் தட்டுங்கள். இந்த முறை அது அவருக்கு. வணக்கம்!