பதினேழாம் இலக்கக் குழாய்

மல்கிரேவ் புறநகரில் கார் நிறுத்த இடம் சுலபமாகக் கிடைக்கும். அந்த ஆய்வுகூடத்தில் பதினொரு வருடம் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மற்றக் காரணம் முரளிதரன் அண்ணா. ஆய்வுகூடத்தின் தலைவர் அவர். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பக்கத்து ஊர்.

எங்கள் வேலை குடலில் வாழும் பக்ரீரியா. இருபத்திரண்டு பேரின் மலத்திலிருந்து ஒரே இனக் கிருமியைப் பிரித்தெடுத்து, இலக்கமிட்ட குழாய்களில் வளர்த்தேன். பெயர் ஒன்றுதான், மரபணு ஆளுக்காள் வேறு. ஒன்பது பேருடையதில் மட்டும் ஒரு நொதி இருந்தது. இதய மாத்திரை ஒன்றை அது குடலிலேயே பயனற்றதாக்கிவிடும். கண்டுபிடித்தது நான். கட்டுரை வெளிவந்தபோது எழுதியவர்களில் முதற்பெயர் சுஜீதன், அண்ணாவின் தங்கை மகன், ஆறு மாதம் முன்புதான் வேலைக்கு வந்தவன். சிவகௌரி என்ற என் பெயர் கடைசிப் பந்தியில், குளிர்பெட்டி தந்த கொம்பனியோடு சேர்த்து, நன்றியில் இருந்தது.

"உனக்கென்ன பிள்ளை, நீ வீட்டு ஆள்தானே. அவனுக்கொரு நிரந்தர வேலை எடுக்கவேணும்," என்றார் அண்ணா. நான் சிரித்தேன்.

அதன் பிறகு கண்டதை யாருக்கும் சொல்லவில்லை. சாப்பாட்டில் புரதம் இருக்கும்வரை கிருமி அந்த நொதியை உண்டாக்குவதில்லை. புரதத்தை நிறுத்தினால் அள்ளிக் கொட்டுகிறது. பதினேழாம் இலக்கக் குழாயில்தான் ஆக அதிகம்.

அண்ணாவும் அந்த மாத்திரைதான் போடுகிறவர். மாதிரி கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியல் என்னிடம் மட்டும் இருந்தது.

"என்ரையில அது இருக்கோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணா," என்றேன். பதினேழு அவருடையது. தினமும் மீனும் முட்டையும் சாப்பிடுகிறவர், மாத்திரையும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. நம்பிவிட்டார்.

கட்டுரை வந்தால் கந்தசஷ்டி விரதம் பிடிப்பதாக அவர் நேர்த்தி வைத்திருந்தார். ஆறு நாளும் பாலும் பழமும் எடுப்பன் என்றார்.

"பால் வேண்டாம் அண்ணா. இளநீரோட பிடியுங்கோ, அதுதான் முறை. மாத்திரையை மட்டும் விடாதேங்கோ."

அவர் விடவில்லை. கேரம் டவுன்ஸ் கோயிலுக்குத் தினமும் நான்தான் காரில் கூட்டிப்போனேன். ஐந்தாம் நாள் வாசலில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் எழும்பவில்லை.

நான் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இளநீர் மட்டும்தான்.

என் கட்டுரை இப்போது முடிந்துவிட்டது. அதில் ஒரே பெயர், என்னுடையது. கடைசிப் பந்தியில் பதினேழாம் இலக்கத்துக்கு நன்றி எழுதியிருக்கிறேன். அவரும் வீட்டு ஆள்தானே.