சிங்கிள் ஓனர் வண்டி

– டார்ச்ச இன்னும் கொஞ்சம் கீழ புடிங்க ராய்ஸ். என் கண்ணுல அடிக்காதீங்க, வண்டி மேல அடிங்க.

– அடிச்சாச்சு மேடம், நல்லாப் பாருங்க. சும்மா சொல்லலே, இந்த ஒஹாயோ பூரா சல்லடை போட்டுச் சலிச்சாலும் இப்படி ஒண்ணு கிடைக்காது. எழுபதாம் வருஷ ஷெவெல் எஸ்.எஸ். கார், சிங்கிள் ஓனர். எங்கப்பா எர்ல் ஹாஸ்கின்ஸ் ஷோரூம்லேருந்து புத்தம் புதுசா ஓட்டிட்டு வந்தாரு. அப்ப எனக்கு அஞ்சு வயசு.

– ம். இருக்கட்டும்.

– காலையிலேருந்து நானும் பாக்கறேன், எதைக் காட்டினாலும் ஒரு ‘இருக்கட்டும்’. வாயத் தொறந்து நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?

– வாங்கப்போறவர் என்னை அனுப்பினது வண்டியப் புகழறதுக்கு இல்லீங்க, போலியான்னு பாக்கறதுக்கு. எஸ்.எஸ்.னு சொல்லி விலைக்கு வர்றதுல பாதி, சாதா ஷெவெல்லுக்குக் கறுப்புப் பட்டை அடிச்சு, பேட்ஜ் ஒட்டி, பெரிய எஞ்சின் ஏத்தினதுதான்.

– நான் அன்னைக்கே சொன்னேன், பேசாம பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடுன்னு. காபி கொண்டாந்திருக்கேன், ரெண்டு பேரும் குடிங்க.

– அக்கா, நீ வேற! மேடம், இது எங்கக்கா வாண்டா, என்னை விடப் பத்து வயசு மூத்தவ. இந்த வண்டின்னாலே அவளுக்கு வேப்பங்காய். ஜூலை நாலு சுதந்திர தின ஊர்வலத்துல வருஷா வருஷம் அப்பா இதை ஓட்டிட்டுப் போவாரு, பக்கத்துல நான் கொடியை ஆட்டிட்டு உக்காந்திருப்பேன், ஊரே நின்னு கைதட்டும். இவ மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ள இருப்பா. ஒரு தடவ ஏறி உக்காரணுமே!

– எனக்கு அந்த எஞ்சின் சத்தம் ஆகாது. விடேன்.

– வாங்கறவர் அரிசோனால மியூசியம் வச்சிருக்காரு மேடம், உங்களுக்குத் தெரியாததா. வண்டி ஒரிஜினல்னு நீங்க சொல்லிட்டா, பக்கத்துல ஒரு பித்தளைப் பலகை வைக்கறேன்னு வாக்கு குடுத்திருக்காரு. ‘முதலும் கடைசியுமான சொந்தக்காரர் எர்ல் ஹாஸ்கின்ஸ்’. மனுஷன் கண்ணாடி ஃபேக்டரியில காலம் பூரா வெந்தாரு. யாரையும் ஒரு பைசா ஏமாத்தினதில்ல, ஒரு பொய் சொன்னதில்ல. அவர் பேரைச் சொல்ல இந்த ஊர்ல வேற என்ன இருக்கு? எனக்கு அந்தப் பலகை வேணும் மேடம். அவ்வளவுதான்.

– புரியுது. டாஷ்போர்டுல இருக்கற நம்பர் தகடும், எஞ்சின்ல அடிச்சிருக்கற நம்பரும் ஒத்துப் போகுது. ரெண்டும் அசல்.

– கேட்டியாக்கா? கேட்டியா!

– முழுசாக் கேளுங்க. தகட்டைப் புடிச்சிருக்கற ரிவெட் ஆணி ரெண்டும் கம்பெனி ரிவெட் இல்ல. அதுக்குத் தலை பூ மாதிரி இதழ் இதழா இருக்கும். இது கடையில விக்கற சாதா ரிவெட்.

– எப்பவாவது கழண்டிருக்கும், அப்பா மாட்டியிருப்பாரு. இது ஒரு குத்தமா?

– அது தானாக் கழலாதுங்க, யாராவது கழட்டினாத்தான். சரி, அந்தக் கார்பெட்டைத் தூக்குங்க. கியர் குச்சிக்குக் கீழ மேடா இருக்கில்ல? தரையக் கையால வெட்டி, இந்த மேட்டை மேல வச்சு ஒட்டியிருக்காங்க. செஞ்சவன் பொறுமைசாலி, வெல்டிங் சுத்தமா இருக்கு. ஆனா கம்பெனி வேலை இல்ல. இந்த பாடி பொறந்தப்போ தரையில கியரே கிடையாது, ஸ்டீயரிங் பக்கத்துலதான் இருந்திருக்கும்.

– இருங்க, இருங்க. எவனோ எங்க தலையில கட்டிட்டான்னு சொல்றீங்களா? இது எங்க வீட்டை விட்டு வேற கைக்குப் போனதே இல்லீங்க! இதோ பாருங்க, அந்த மேட்டு மேலயே சாட்சி இருக்கு. ஆணியால ஒரு கிறுக்கல் தெரியுதா? நான் கிறுக்கினது. முத முத ஸ்கூலுக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு, பேர் எழுதக் கத்துக்கிட்ட திமிர்ல. எழுபத்தொண்ணு செப்டம்பர். அப்பா ஓங்கி ஒரு அறை விட்டாரு. ஆயுசுக்கும் அவர் என்னை அடிச்சது அந்த ஒரு தடவதான்.

– தள்ளுங்க. டார்ச்சை என்கிட்ட குடுங்க... ராய்ஸ்.

– என்னங்க?

– உங்க கிறுக்கல் அந்த ஒட்டு மேலயே ஏறிப் போகுது. ஒட்டுக்கு மேல பெயின்ட், பெயின்ட்டுக்கு மேல உங்க ஆணி. அப்படின்னா நீங்க ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடியே இது நடந்திருக்கு.

– எது நடந்திருக்கு?

– ஹீட்டருக்குப் பின்னால, கண்ணுக்குப் படாத இடத்துல, கம்பெனி ஒரு நம்பர் அடிச்சிருக்கும். காலையிலயே கழட்டிப் பாத்துட்டேன். அது இந்தத் தகட்டு நம்பர் இல்ல. தகடும் எஞ்சினும் உங்கப்பா வாங்கின காரோடது. பாடி வேற ஒரு சாதா காரோடது. அதுவும் சிவப்பாவே பொறந்தது, அதனாலதான் இத்தனை வருஷம் யாருக்கும் தெரியல.

– கடவுளே! இல்ல. நீங்க தப்பாப் பாத்துட்டீங்க. மறுபடி பாருங்க.

– மூணு தடவ பாத்துட்டேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் பாத்த போலியெல்லாம் விலை ஏறினப்புறம் பண்ணினது. எழுபத்தொண்ணுல இது வெறும் ஒரு வருஷப் பழைய கார். அப்ப இதைப் போலி பண்ணி எவனுக்கு என்ன லாபம்? யாரோ ஒருத்தர் காசுக்காக இல்லாம வேற எதுக்கோ இவ்வளவு பாடுபட்டிருக்காரு.

– போதும், மூடி வைங்க. விக்கவும் வேணாம், ஒண்ணும் வேணாம். ராய்ஸ், இந்தம்மாவை அனுப்பு.

– கொஞ்சம் இருங்க வாண்டா. ராய்ஸ், அந்த வருஷம் வெளியாள் யாராவது வந்து இந்த வண்டியப் பாத்தாங்களா?

– யாரு வருவா? போலீஸ் ஷெரிப் வந்தாரு, ஆனா அது வேற கதை. மிஸ் கெம்ப்னு ஒரு பியானோ டீச்சர். அக்காவுக்குக்கூட அவங்கதான். அந்த ஏப்ரல்ல கிளாஸ் எடுக்க சைக்கிள்ல போனவங்களை எவனோ கார்ல அடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போயிட்டான், ரோட்டுலயே செத்துட்டாங்க. சிவப்பு பெயின்ட் துணுக்கு கிடந்துச்சுன்னு, சிவப்பு கார் வச்சிருந்த வீட்டுக்கெல்லாம் ஷெரிப் போனாரு. இங்கயும் வந்தாரு. தகட்டு நம்பரைச் சரி பாத்தாரு, சுத்திச் சுத்தி வந்தாரு. ஒரு நெளிசல் இல்ல, ஒரு கீறல் இல்ல. அப்பா தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போனாரு. பெருமையா இந்த ஊர் பூரா சொல்லியிருக்கேன்.

– டிங்கரிங் பண்ணியிருந்தா ஷெரிப் கண்டுபிடிச்சிருப்பாரு. புதுப் பெயின்ட் காட்டிக் குடுத்துடும்.

– ஆமா, அதையும் தடவித் தடவிப் பாத்தாரு. கம்பெனி பெயின்ட்டுன்னு...

– உடனே வந்தாரா?

– இல்ல, மூணு வாரம் கழிச்சு. அப்பா காரை எடுத்துக்கிட்டு கென்டக்கியில மாமா வீட்டுக்குப் போயிருந்தாரு. வந்ததும் அவரே போன் பண்ணி, வந்து பாத்துக்கங்கன்னு கூப்பிட்டாரு. மாமா அங்க...

– சொல்லுங்க.

– மாமா அங்க மெக்கானிக் ஷாப் வச்சிருந்தாரு.

– ம்.

– மேடம், ‘இருக்கட்டும்’னு சொல்லுங்க. தயவுசெஞ்சு சொல்லுங்க!

– சொல்ல முடியலீங்க.

– ஐயோ... எங்கப்பாவா? ஊர்வலத்துல மிஸ் கெம்போட அம்மா சேர் போட்டு முன் வரிசையில உக்காந்திருப்பாங்களே. அவங்களும் கைதட்டினாங்களே! அந்தம்மா முன்னாடி இதை ஓட்டிட்டுப் போக அவருக்கு எப்படி மனசு வந்துச்சு? ஓட்டறதை நிறுத்திட்டா எல்லாரும் ஏன்னு கேப்பாங்கன்னா? அக்கா, உனக்கு இது தெரியுமா?

– தெரியும்.

– அப்ப அசல் கார் எங்க?

– மாமா வீட்டுக் குளத்துல. லீவுக்குப் போனா நீ குதிச்சுக் குதிச்சு நீந்துவியே, அதே குளம்.

– அடப்பாவி மனுஷா! உன் பேரைப் பித்தளையில பொறிக்கணும்னு நாய் மாதிரி அலைஞ்சேனே. ஒரு பொம்பளையை ரோட்டுல சாக விட்டுட்டு, என்னையும் பக்கத்துல உக்கார வச்சுக் கொடி ஆட்ட விட்டியே! பலகையா? கல்லறையில இருக்கற பேரைப் பேத்து எடுக்கறேன் பாரு.

– அப்பாவை ஒண்ணும் சொல்லாத.

– இன்னுமா அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்கற?

– அன்னைக்கு அப்பாவுக்கு மத்தியான ஷிப்ட், ராய்ஸ். ஃபேக்டரி பஸ்ல போயிட்டாரு. கார் சாவி ஆணியில தொங்கிச்சு. எனக்குப் பியானோ கிளாஸுக்கு லேட்டாயிடுச்சு.